நூறு கிலோமீட்டருக்கு முன்னால் ஒரு தெரு

பனவடலிசத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர். அந்த ஊரின் காலனியிலிருந்து கல்லூரிக்குப் போகும் இரண்டாமாண்டு மாணவி ஒருவர், ஆனி மாதம் தொடங்கி ஐந்து மாதங்களாக விடியற்காலையில் சைக்கிள் மிதித்துப் பழகிக்கொண்டிருக்கிறார். ஏழைச் சிறுநீரக நோயாளிகளின் ரத்தச் சுத்திகரிப்புச் செலவுக்காக நிதி திரட்டும் நூறு கிலோமீட்டர் சைக்கிள் பயணம் ஒன்று தை மாதம் நடக்கிறது. அதில் அவர் பெயர் கொடுத்திருக்கிறார். அவருடைய பெயரையும் ஊரையும் இங்கே எழுதவில்லை. ஏன் என்பது உங்களுக்குத் தெரியும்.

அவரிடம் இருப்பது பள்ளியில் அரசு கொடுத்த இலவச சைக்கிள். கியர் கிடையாது. எடை கிட்டத்தட்ட 20 கிலோ. அதில் அவர் அதுவரை ஒரே மூச்சில் போன அதிகபட்ச தூரம் பள்ளிக்கூடம் வரைக்குமான ஆறு கிலோமீட்டர். மாலைநேரப் பாடசாலை நடத்தும் எங்களிடம் வந்து, "அண்ணே, நூறு போயிர முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றோம். எங்களில் இரண்டு பேர் அவரோடு ஓட்டத் தொடங்கினோம்.

எங்கள் மாதக் கூட்டத்தில் இது விவாதமானது. மூத்த தோழர் ஒருவர் நேராகவே கேட்டார்: "வன்கொடுமை வழக்குகளுக்கு அலையவே ஆள் பத்தவில்லை. பட்டணத்துக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்க நடத்தும் தர்மச் சவாரிக்கு நம் பிள்ளையை ஏன் தயார் செய்கிறீர்கள்?" நியாயமான கேள்வி. லட்ச ரூபாய் சைக்கிளில், பளபளக்கும் உடையில், முன்னாலும் பின்னாலும் பாதுகாப்பு வண்டி வர, 'எளியவர்களுக்காக' ஓட்டுகிறவர்களின் உலகம் அது. அந்த எளியவர்கள் யார்? பெரும்பாலும் நாம்தான்.

ஆனாலும் அந்த மாணவி ஓட்ட வேண்டும் என்பதே எங்கள் முடிவு. எதற்காக அப்படி முடிவெடுத்தோம், எந்த நிபந்தனையோடு எடுத்தோம் என்பதை இளைய தோழர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

சைக்கிள் பழகுகிறவர்களுக்குப் பயிற்சி சொல்லித்தருகிறவர்கள் எல்லோரும் இரண்டு விஷயங்களைச் சொல்வார்கள்: தன்னம்பிக்கை வேண்டும், தாங்குதிறன் வேண்டும். தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் தாங்குதிறன் வரும், தாங்குதிறன் வந்தால் தன்னம்பிக்கை தானாக வரும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு நம் தெருவில் தலைகீழாக இருக்கிறது. தாங்குவது நமக்குப் பழைய வேலை. கரிசல் காட்டில் பருத்திக்கும் உளுந்துக்கும் களையெடுத்து, தீப்பெட்டி ஒட்டி, செங்கல் சூளையில் சுமந்து, நூறுநாள் வேலையில் வெயில் தின்று வளர்ந்த உடம்புகள் நம்முடையவை. நமக்கு இல்லாமல் செய்யப்பட்டது சாலை நம்முடையது என்கிற நம்பிக்கை.

அந்த மாணவியின் காலனியிலிருந்து தார்ச்சாலைக்கு வர ஒரே ஒரு நல்ல பாதைதான் உண்டு. அது ஊர்த்தெரு வழியாகப் போகிறது. நூற்றைம்பது மீட்டர் இருக்கலாம், சிமென்ட் போட்ட தெரு. பஞ்சாயத்துப் பணத்தில் போட்டது. நம் வீட்டு வரியும் அதில் இருக்கிறது. அந்தத் தெருவில் இப்போது யாரும் யாரையும் அடிப்பதில்லை. பைக்கில் விர்ரென்று போகும் நம் பையன்களை நிறுத்தவும் அவர்களால் முடிவதில்லை. ஆனால் சைக்கிளில் ஒரு பெண்பிள்ளை தனியாகப் போனால் திண்ணையிலிருந்து ஒரு குரல் வரும்: "ஏட்டி, எறங்கி உருட்டிக்கிட்டுப் போ." அதட்டல்கூட இல்லை, பழக்கமாகச் சொல்வதுபோல் இருக்கும். அவருடைய ஆச்சி காலத்தில் அந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். அம்மா காலத்தில் செருப்போடு நடந்தார்கள். மகள் காலத்தில் சைக்கிளை விட்டு இறங்கி நடக்கிறார்கள். இதைத்தான் முன்னேற்றம் என்று சிலர் நமக்குக் கணக்குக் காட்டுகிறார்கள்.

அந்தத் தெருவைத் தவிர்க்க இன்னொரு வழி உண்டு. காட்டுக்குள் சுற்றிப் போகும் வண்டிப்பாதை. ஒன்றரைக் கிலோமீட்டர் கூடுதல். கோடையில் போகலாம். ஐப்பசி மழை விழுந்தால் கரிசல் மண் சக்கரத்தில் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்து, சைக்கிள் நகராது. தோளில் தூக்கிக்கொண்டுதான் வரவேண்டும். ஐந்து மாதமும் அவர் அந்தப் பாதையில்தான் வந்தார். எங்கள் பயிற்சிக் கணக்கில் எழுதப்படாத கிலோமீட்டர்கள் அவை.

சைக்கிளில் போவதைத் தடுப்பது அற்ப விஷயம் என்று நினைப்பவர்கள் சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்க்கட்டும். 1989 ஆம் ஆண்டின் வன்கொடுமை தடுப்புச் சட்டம் 2015 இல் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் 2016 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் பிரிவு 3(1)(இசட் ஏ) என்று ஒரு பகுதி இருக்கிறது. பொது இடத்தில் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறிச் செல்வதையும், செருப்போ புத்தாடையோ அணிவதையும், திருமண ஊர்வலம் நடத்துவதையும் தடுப்பது குற்றம் என்று அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தண்டனை ஆறு மாதத்திலிருந்து ஐந்தாண்டு வரை. ஒரு நாட்டின் நாடாளுமன்றம் உட்கார்ந்து 'சைக்கிள்' என்ற சொல்லைக் குற்றவியல் சட்டத்துக்குள் எழுத வேண்டியிருந்தது என்றால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் எத்தனை ஆயிரம் தெருக்கள் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கும் முன்னால் போனால், பொதுச்சாலையில் எல்லோரும் நடக்கலாம் என்பதையே தீர்மானம் போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. 1924 இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். பொதுச் சாலைகள், கிணறுகள், குளங்கள், அலுவலகங்கள் ஒடுக்கப்பட்டோருக்கும் உரியவை என்பது அதன் சாரம். அதே ஆண்டில்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களுக்கான போராட்டம் தொடங்கியது. பிறகு அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவிலும் சாலை வந்தது. நூறாண்டு கடந்துவிட்டது. தீர்மானம் போட்ட சாலைக்கு ஒரு மாணவி வண்டிப்பாதையைச் சுற்றிக்கொண்டு வருகிறார்.

நம் வட்டாரத்தில் இதெல்லாம் பழங்கதை என்று சொல்பவர்களுக்கு இரண்டு நினைவூட்டல்கள். 2022 செப்டம்பரில் இதே சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாங்குளத்தில், ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லி நம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்த காட்சியை நாடே பார்த்தது. கடை மூடி முத்திரையிடப்பட்டது. குற்றம்சாட்டப்பட்ட ஐந்து பேர் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. காசு கொடுத்து மிட்டாய் வாங்கப் போன பிள்ளைகள் அவர்கள், இனாம் கேட்கப் போகவில்லை என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொன்று, 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நம் மாணவனும் அவன் தங்கையும் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை. கையில் கயிறு கட்டக் கூடாது என்ற பரிந்துரையைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். சாதி அடையாளம் தீட்டிய சைக்கிளில் பள்ளிக்கு வரக் கூடாது என்றும் அதில் இருந்ததைப் பலர் கவனிக்கவில்லை. ஒரே சைக்கிள்தான். ஒருவனுக்கு அது சாதிக் கொடி கட்டும் கம்பம். இன்னொருத்திக்கு அது தெருமுனையில் இறங்க வேண்டிய வண்டி.

தமிழ்நாட்டில் மாணவிகளுக்கு அரசு சைக்கிள் கொடுக்கத் தொடங்கிய வரலாறும் நம்மிடமிருந்துதான் தொடங்குகிறது. 2001-02 கல்வியாண்டில் மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கான திட்டமாகவே அது வந்தது. பிறகு எல்லா மாணவ மாணவியருக்கும் விரிந்தது. சைக்கிளைக் கொடுத்த அரசு, அதில் ஏறிப் போகும் தெருவையும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும்.

இனி பயிற்சிக்கு வருவோம். மூத்த தோழரின் கேள்விக்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது.

முதல் வாரமே அந்த மாணவிக்கு மூச்சு வாங்கியது, தலை சுற்றியது. மன உறுதி போதவில்லை என்று நாங்கள் உபதேசம் செய்யவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். ஹீமோகுளோபின் ஒன்பதை ஒட்டி இருந்தது. பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். இது அவர் ஒருவரின் கதை என்று நினைக்காதீர்கள். 2019-21 இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. நாடு முழுவதற்கும் அது 57 விழுக்காடு. தாங்குதிறன் தொடையில் தொடங்குவதாக நாங்கள் நினைத்திருந்தோம். அது ரத்தத்தில் தொடங்குகிறது. ரத்தம் சோற்றுத் தட்டில் தொடங்குகிறது. சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது. வாங்கி ஒழுங்காக விழுங்க வைத்தோம். முருங்கைக்கீரை, கேழ்வரகு, கொஞ்சம் நெல்லிக்காய். முதல் ஒரு மாதம் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் போகவிடவில்லை.

பிறகு வாரம் மூன்று நாள். இரண்டு நாள் குறைந்த தூரம், ஞாயிறு மட்டும் நீண்ட தூரம். ஞாயிறு தூரத்தை வாரத்துக்கு ஐந்து கிலோமீட்டருக்கு மேல் கூட்டுவதில்லை. மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் பாதியாகக் குறைப்போம். உடம்பு வலுவாவது ஓட்டும்போது நடப்பதில்லை, ஓய்வில்தான் நடக்கிறது. பேசிக்கொண்டே ஓட்ட முடிகிற வேகமே சரியான வேகம். வார்த்தை முறிந்தால் வேகம் அதிகம். சீட்டு உயரத்தைச் சரிசெய்தது பெரிய மாற்றம் தந்தது. குதிகாலை மிதிகட்டையில் வைத்தால் கீழே போகும்போது கால் நேராக நீள வேண்டும். அவர் அதுவரை முட்டியை மடக்கியே மிதித்துக்கொண்டிருந்தார். தெருவில் சட்டென்று இறங்க வசதியாக சீட்டைத் தாழ்வாகவே வைத்திருந்ததாகச் சொன்னார். அன்று நாங்கள் கொஞ்சநேரம் பேசாமல் நின்றோம்.

ஆனி, ஆடியில் நம் பக்கம் காற்று எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்றுக்காகத்தான் நம் கரிசல் காடெங்கும் காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். சங்கரன்கோவில் பார்த்து மிதித்தால் முகத்தில் அறையும். முதலில் எதிர்க்காற்றில் போய், களைத்த பிறகு காற்றைப் பின்னால் வாங்கித் திரும்புவது என்று வைத்துக்கொண்டோம். அரை மணிக்கொரு தரம் தண்ணீர், தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. புறப்படும் முன் உப்புப் போட்ட நீராகாரம், வழியில் கோவில்பட்டிக் கடலை மிட்டாய். கடையில் விற்கும் எந்தச் சக்திப் பொடியும் இதைவிடப் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. பஞ்சர் ஒட்டவும் செயின் மாட்டவும் அவரே கற்றுக்கொண்டார். போன மாதக் கடைசி ஞாயிறு, சங்கரன்கோவில் தாண்டி ராஜபாளையம் சாலையில் போய்த் திரும்பியபோது எழுபது கிலோமீட்டர் ஆகியிருந்தது.

இதெல்லாம் ஒரு போராளிக்கு எதற்கு என்று கேட்டால், சைக்கிள் நம் இயக்க வரலாற்றில் இல்லாத பொருளா என்று திருப்பிக் கேட்போம். 1983 மார்ச் 15 அன்று கான்ஷிராம் நூறு பேரோடு சைக்கிளில் புறப்பட்டார். நாற்பது நாள், ஏழு மாநிலங்கள். ரதம் இல்லை, ஹெலிகாப்டர் இல்லை. இரண்டு காலும் இரண்டு சக்கரமும் இருந்தன. அடுத்த ஆண்டு, 1984 ஏப்ரல் 14 அன்று, பகுஜன் சமாஜ் கட்சி பிறந்தது. ஊர் ஊராக மிதித்துப் போனவர்களின் தொடை வலுவில் எழுந்த அரசியல் அது.

நம் தமிழ்நாட்டிலேயே புதுக்கோட்டை இருக்கிறது. 1991-92 இல் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள். பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளிலேயே ஓட்டினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. தெருவில் கேலி பேசினார்கள், அசிங்கமாகப் பேசினார்கள். ஆனால் ஒருத்தி போனால் கேலி பேசலாம், ஆயிரம் பேர் போனால் வழிதான் விட வேண்டும். அந்தப் பெண்களுக்குத் தன்னம்பிக்கை தனிமனிதப் பயிற்சியில் வரவில்லை, கூட்டமாகப் போனதில் வந்தது.

அதே புதுக்கோட்டையில்தான் 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. எனவே சைக்கிள் வந்தால் சாதி போய்விடும் என்று நாங்கள் பிரசங்கம் செய்யவில்லை. சைக்கிள் ஒரு கருவி. பேனாவைப் போல, பறையைப் போல. யார் கையில், எதற்காக, எத்தனை பேரோடு என்பதே கேள்வி.

இப்போது தாங்குதிறனைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2020 மே மாத ஊரடங்கில் பீகாரைச் சேர்ந்த பதினைந்து வயது தலித் சிறுமி ஜோதி குமாரி, காயம்பட்ட தன் தந்தையைக் கேரியரில் உட்கார வைத்து, குருகிராமிலிருந்து தர்பங்கா வரை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் மிதித்தார். உலகமே புகழ்ந்தது. அமெரிக்க அதிபரின் மகள் இவாங்கா டிரம்ப் அதை அழகிய சாதனை என்ற தொனியில் பாராட்டினார். இந்திய சைக்கிள் கூட்டமைப்பு தகுதிச் சோதனைக்கு அழைத்தது. பிறகு விருதும் கொடுத்தார்கள். எல்லாம் சரி. ஆனால் அந்தச் சிறுமி ஏன் மிதிக்க வேண்டியிருந்தது? ரயில் இல்லை, கூலி இல்லை, வாடகைக்குப் பணம் இல்லை, அரசு இல்லை. அரசு கைவிட்ட இடத்தில் ஒரு பிள்ளையின் கால்கள் வேலை செய்தன. அதைச் 'சாதனை' என்று சொன்ன கணத்தில் கைவிட்டவர்கள் கணக்கிலிருந்து காணாமல் போனார்கள். அடுத்த ஆண்டே அந்தத் தந்தையும் இறந்துபோனார்.

தோழர்களே, நம் தாங்குதிறனை யாராவது புகழ்ந்தால் கொஞ்சம் நின்று கேளுங்கள். எதைத் தாங்கச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். கட்டாயத்தில் மிதிப்பதும், காலையில் எழுந்து தன் விருப்பத்தில் மிதிப்பதும் ஒன்றில்லை. நம் பிள்ளைகள் வேலைக்காக மட்டுமே வியர்க்கப் பிறந்தவர்கள் என்பதைத்தான் சாதி சொல்கிறது. தனக்காக, ஆசைக்காக, விளையாட்டுக்காக வியர்க்கும் உரிமை நமக்கு உண்டா என்பதே இங்கே கேள்வி. பயிற்சி வேண்டும் என்று நாங்கள் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் தர்மத்தைப் பற்றியது. அந்தப் பயணத்துக்கான படிவம் வந்தபோது, அதோடு ஒரு விளம்பரப் படமும் வந்தது. செருப்பில்லாத ஒரு கிராமத்துக் குழந்தை கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் படம். அந்த மாணவி அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அண்ணே, இது நம்ம தெருப் பிள்ள மாதிரியே இருக்கு. நான் இதுல குடுக்குற ஆளா, வாங்குற ஆளா?"

பனவடலிசத்திரம் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். வடலி என்றால் இளம்பனை. சத்திரம் என்றால் வழிப்போக்கர் தங்க, உண்ண, தர்மத்துக்குக் கட்டிய இடம். சாலையும் தர்மமும் சேர்ந்த பெயர். ஆனால் தமிழ்நாட்டுச் சத்திரங்களின் வரலாற்றில் எல்லா வழிப்போக்கரும் வழிப்போக்கர் இல்லை. சாதிக்கொரு பந்தி, சாதிக்கொரு இடம் இருந்தது. அந்தச் சத்திரங்களுக்கு நெல் விளைவித்தவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள், கல் சுமந்தவர்கள் வாசலுக்கு வெளியே நின்றார்கள். கொடுத்தவர் பெயர் கல்வெட்டில் இருக்கும். உழைத்தவர் பெயர் எங்கும் இருக்காது. தர்மம் எப்போதும் மேலிருந்து கீழே வரும், கொடுப்பவர் கை உயர்ந்து வாங்குபவர் கை தாழ்ந்து இருக்கும். அந்த உயரத்தைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை.

நாம் கொடுத்ததே இல்லையா? நம் தெருவில் ஒரு சாவு விழுந்தால் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று போட்டு அடக்கம் முடிப்பது யார்? ஒரு பிள்ளை கல்லூரிக்குப் போனால் முதல் பருவக் கட்டணத்துக்கு கம்மலை அடகு வைத்துத் தருவது யார்? வாங்கும் கை என்று ஊர் முழுக்க அறிவிக்கப்பட்ட கைதான் இதையெல்லாம் செய்கிறது. நாம் கொடுப்பது யார் கண்ணிலும் படக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. நம் தெரு மாணவி நிதி திரட்டும் பயணத்தில் எண் ஒட்டிய சட்டையோடு ஓட்டும்போது அந்த ஏற்பாடு கொஞ்சம் குலைகிறது. அந்தக் குலைவு வேண்டும் என்கிறோம்.

அதனால் நாங்கள் வைத்த நிபந்தனைகள் இவை. நிதியை எந்த நிறுவனத்திடமும் கேட்பதில்லை. காலனியில் வீடுவீடாகப் போய் பத்து ரூபாய், இருபது ரூபாயாகத் திரட்டுவது. கொடுத்தவர் பெயர் ஒவ்வொன்றையும் எழுதி வைப்பது. அவருடைய வறுமையைப் படம் பிடித்து விளம்பரத்துக்குப் பயன்படுத்த அனுமதிப்பதில்லை. நடத்துகிறவர்களிடம் இதை எழுத்தில் சொல்லிவிட்டோம். அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். கடைசியாக, பணம் கொடுக்கிற அதே நாளில், தாலுகா அரசு மருத்துவமனைகளில் போதுமான ரத்தச் சுத்திகரிப்பு இயந்திரங்களும் ஆட்களும் வேண்டும் என்று மாவட்ட ஆட்சியருக்கு மனுவும் கொடுப்பது. நோயாளியின் உயிர் யாரோ ஓட்டும் சைக்கிளை நம்பி இருக்கக் கூடாது. அது அரசின் கடமை. இன்றைக்கு இருக்கிற நோயாளிக்கு உதவுவோம். நாளைக்கு உதவி தேவைப்படாமல் இருக்கச் சண்டையும் போடுவோம். மூத்த தோழர் இந்த இடத்தில்தான் தலையாட்டினார். மனுவை அவரே எழுதித் தருவதாகவும் சொன்னார்.

எழுபது கிலோமீட்டர் ஆகிவிட்டது. நூறும் ஆகிவிடும், அதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இத்தனை தூரம் ஓட்டிய பிறகும், அந்த நூற்றைம்பது மீட்டர் தெருவில் அவர் இன்னும் ஏறி ஓட்டவில்லை. மழை தொடங்கிவிட்டதால் வண்டிப்பாதையும் இல்லை. இப்போது விடியற்காலையில் அந்தத் தெருவில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, சாலை வந்ததும் ஏறிக்கொள்கிறார். "தைரியமா ஏறிப் போம்மா" என்று சொல்வது எங்களுக்குச் சுலபம். சாயங்காலம் அந்தத் தெருவழியாகவே வீட்டுக்குத் திரும்ப வேண்டியவர் அவர். அவருடைய அப்பா அந்தத் தெருக்காரரின் காட்டில்தான் வேலை செய்கிறார். ஒரு பெண்ணைத் தனியாகத் தெருவில் இறக்கிவிட்டு வீரம் பேசுவது இயக்கமாகாது.

எனவே இளைய தோழர்களிடம் கேட்கிறோம். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு தெரு இருக்கும். அங்கே யார் எந்த இடத்தில் இறங்குகிறார்கள், யார் சொல்லி இறங்குகிறார்கள் என்று தேதியோடு எழுதி வையுங்கள். புகார் கொடுக்கும் நிலை வந்தால், வன்கொடுமை வழக்கில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய முன்விசாரணை தேவையில்லை என்பது 2018 திருத்தத்திலேயே இருக்கிறது. விசாரணை அதிகாரி காவல் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் கீழே இருக்கக் கூடாது. வன்கொடுமைகளுக்கான தேசிய உதவி எண் 14566. இவற்றை மனப்பாடம் செய்யுங்கள். யாரையும் தனியாக அனுப்பாதீர்கள். உங்கள் தங்கைகளுக்கு ஹீமோகுளோபின் பாருங்கள். சைக்கிள் சீட்டை உயர்த்துங்கள்.

தை மாதப் பயணத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடைசிப் பயிற்சி. அன்று பனவடலிசத்திரத்துச் சாலையிலிருந்து புறப்படப் போவதில்லை. காலனியிலிருந்தே புறப்படுகிறோம், அந்தத் தெரு வழியாக. அந்த மாணவியும் அவருடைய அப்பாவும் சம்மதித்த பிறகே முடிவு செய்தோம். காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட்டோம். வாடகைக்கும் இரவலுக்கும் சைக்கிள் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். கோஷம் கிடையாது, கொடி கிடையாது. மணி மட்டும் அடிப்போம். சைக்கிள் இருப்பவர்கள் வாருங்கள். இல்லாதவர்களும் வாருங்கள், கேரியர் இருக்கிறது.

ஜெய்பீம்.